கசுங்குலாத் துறை

ஆப்பிரிக்காவின் தென்பகுதியைத் தரைவழியாகக் கடப்போர் காணும் எல்லைகள் பல. அவற்றுள் கசுங்குலா என்னும் ஆற்றுத்துறையைப் பற்றியே ஈண்டு எழுதப் புகுந்தோம்.

சோபே நதி ஜாம்பேசி மாநதியோடு கலக்கும் இடத்தைத் தேசப்படத்தில் நோக்கின், நமீபியா, போட்ஸ்வானா, ஜாம்பியா, ஜிம்பாப்வே ஆகிய நான்கு நாடுகளும் ஒரே புள்ளியில் முட்டிக்கொள்வதுபோல் தோன்றும். ஜாம்பேசிக் கரையை எட்ட விரும்பிய ஜெர்மானியர், 1890-இல் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து பெற்ற ஒடுங்கிய நிலத்துண்டே இவ்விசித்திரத்துக்குக் காரணம். இன்று நமீபியாவின் விரல்போல் அது கிழக்கே நீண்டு நிற்கிறது. ஆயினும் நான்கெல்லைகளும் உண்மையில் ஒன்றுகூடுவதில்லை. நடுவே ஏறத்தாழ 150 மீட்டர் அளவிற்குப் போட்ஸ்வானாவும் ஜாம்பியாவும் ஒன்றையொன்று தொடுகின்றன.

கால்பந்து மைதானம் ஒன்றின் நீளத்தில் ஒன்றரை மடங்கு! இதனை அற்பமென்று எண்ணலாகாது. ஜாம்பியா 1964-இலும் போட்ஸ்வானா 1966-இலும் சுதந்திரம் எய்தின. போட்ஸ்வானாவைச் சூழ்ந்த ஏனைய நாடுகளோ அப்பொழுது வெள்ளையர் ஆட்சியிலேயே இருந்தன. ஆதலின், தென்னாப்பிரிக்காவின் நிறவெறிக்குத் தப்பிப் போட்ஸ்வானாவை அடைந்தோர், பகைவர் மண்ணை மிதியாமல் தரைவழியே வடக்கே செல்வதற்கு இத்துறையின் தெப்பமொன்றே கதியாயிற்று. 1970-இல் தென்னாப்பிரிக்க அரசாங்கம், இவ்விரு நாடுகளுக்கும் பொதுவெல்லையே கிடையாதென வாதித்ததன் உட்கருத்து இப்பொழுது விளங்கும். 1979-இல் ரொடீஷியப் படையினர் வாதத்தையும் விடுத்து, தெப்பத்தையே தாக்கி மூழ்கடித்தனர்.

போர் ஓய்ந்த பின்னரும் துறை ஓயவில்லை. நதியின் அகலம் ஏறத்தாழ 400 மீட்டர்தான். அதைக் கடக்கச் சரக்கு லாரிகள் நாட்கணக்கில் வரிசையில் கிடந்தன. லாரியே சாரதிக்கு வீடாயிற்று. 2003-இல் மிகுபாரம் ஏற்றிய லாரியொன்றால் தெப்பம் விபத்துக்குள்ளாகி, பலர் நீரில் மாண்டனர்.

2021-ஆம் ஆண்டு மே மாதத்தில் பாலம் திறக்கப்பட்டது. நீளம் 923 மீட்டர். மோட்டார் வண்டிகளுக்கும் பாதசாரிகளுக்கும் வழியுண்டு. இருப்புப்பாதைக்கும் நடுவே இடம் விட்டுள்ளனர். முன்னர் இரு கரைகளிலும் தனித்தனியே தஸ்தாவேஜுகளைக் காட்ட வேண்டியிருந்தது. இப்பொழுதைய ஏற்பாட்டின்படி, சேரும் கரையிலுள்ள ஒரே சாவடியில் இரு நாட்டு அதிகாரிகளும் அவற்றைப் பார்வையிடுகின்றனர்.

இப்பாலம் வில்போல் வளைந்திருக்கும். பொறியியலார் அழகு கருதி வளைத்தாரல்லர். நேரே கட்டியிருப்பின் அது ஜிம்பாப்வேயின் எல்லைக்குள் புகுந்திருக்கும்; அந்த 150 மீட்டருக்குள்ளேயே நதியைக் கடக்கும்படி வளைத்தனர்.