கேம்பர் வேன் குளிர்பதனப் பெட்டியின் வெப்பக் காப்பும் காற்றோட்டமும்

கேம்பர் வேன் என்பது படுக்கை, அடுப்பு, குளிர்பதனப் பெட்டி முதலியவற்றுடன் தங்கிப் பயணம் செய்வதற்கென அமைக்கப்பட்ட ஊர்தியாகும். ஐரோப்பாவில் இது பரவலாகக் காணப்படுகிறது. இவ்வகை ஊர்திகளில் பெரும்பாலும் உறிஞ்சல் வகைக் குளிர்பதனப் பெட்டி அல்லது 12 வோல்ட் கம்ப்ரசர் வகைப் பெட்டி பொருத்தப்படுகிறது. கோடையில் பெட்டி போதிய அளவு குளிரவில்லை என்றால், பழுது பெட்டியில் இருப்பதாகவே பலர் எண்ணுகின்றனர். பல வேளைகளில் குறை அதனைப் பொருத்திய முறையில்தான் இருக்கும்.

உறிஞ்சல் வகை இயங்கும் விதம்

இவ்வகைப் பெட்டியை 1922-இல் சுவீடனின் ஸ்டாக்ஹோமில் மாணவர்களாக இருந்த பால்ட்சர் வான் பிளாட்டன், கார்ல் முன்டர்ஸ் ஆகிய இருவர் உருவாக்கினர். இதில் மோட்டாரோ கம்ப்ரசரோ கிடையாது. எரிவாயுச் சுடரோ மின்சூடேற்றியோ அமோனியா கலந்த நீரைச் சூடாக்குகிறது. பிரிந்து மேலெழும் அமோனியா ஆவி, பின்புறத்தின் மேற்பகுதியில் உள்ள ஒடுக்கியில் வெப்பத்தை வெளியிட்டுத் திரவமாகிறது. அத்திரவம் ஐதரசன் வாயுவின் நடுவே ஆவியாகும்போது பெட்டியின் உட்புற வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. பின்னர் அமோனியாவை நீர் மீண்டும் உறிஞ்சிக்கொள்ள, சுழற்சி தொடர்கிறது. நெருப்பால் குளிர் உண்டாகிறது என்பது மாணவர்களுக்கு வியப்பளிக்கக்கூடும். உண்மையில் நெருப்பு செய்வது அமோனியாவைப் பிரித்தெடுக்கும் வேலை மட்டுமே.

திரவங்கள் புவியீர்ப்பால் வழிந்தோடுவதால் ஊர்தி சமதளத்தில் நிற்க வேண்டும். பின்புறத்தில் வெளிப்படும் வெப்பமும் உடனுக்குடன் அகல வேண்டும். அகலாவிட்டால் சுடர் எரிந்துகொண்டே இருந்தாலும் பெட்டி குளிராது.

காற்றோட்டம்

ஊர்தியின் பக்கச் சுவரில் கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக இரு காற்றுத் துளைகள் இருக்கும். கீழ்த்துளை வழியே நுழையும் காற்று சூடாகி மேலெழுந்து மேல்துளை வழியே வெளியேறும். பெட்டிக்கும் வெளிச்சுவருக்கும் இடையே இடைவெளி அதிகமாக இருந்தால், காற்று ஒடுக்கியின் தகடுகளைத் தொடாமலே சுவரோரமாக மேலே போய்விடும். இதற்கு மெல்லிய அலுமினியத் தகடு ஒன்றைச் சுவர்ப்பக்கம் பொருத்தி, காற்றை ஒடுக்கியின் பக்கம் திருப்பலாம். பெட்டியின் மேலுள்ள வெற்றிடத்தில் சூடான காற்று தேங்காதபடி, மேல்துளையை நோக்கிச் சாய்ந்த தகடு ஒன்றும் தேவை.

இவற்றைச் செய்த பிறகும் போதாவிட்டால், கணினிகளில் பயன்படும் 12 வோல்ட் சிறு மின்விசிறியை மேல்துளையருகே பொருத்தலாம். தகடு இல்லாமல் விசிறியை மட்டும் வைப்பதால் பெரும்பயன் இல்லை. விசிறிக் காற்று எரிவாயுச் சுடரை அலைக்கழிக்கக் கூடாது.

வெப்பக் காப்பு

சுவர் வழியே புகும் வெப்பம், இருபுற வெப்பநிலை வேறுபாட்டிற்கு ஏற்ப அமையும். உள்ளே 5° செல்சியசும் வெளியே 25° செல்சியசும் இருந்தால் வேறுபாடு 20. அலமாரிக்குள் தேங்கிய காற்று 45° செல்சியசுக்கு ஏறினால் வேறுபாடு 40. புகும் வெப்பமும் இருமடங்காகும். எனவே காற்றோட்டத்தைச் சீராக்கிய பின்னரே வெப்பக் காப்பில் கை வைப்பது முறை.

பெட்டியின் பக்கங்களுக்கும் அலமாரிக்கும் இடையே பாலியூரித்தேன் அல்லது பாலிஸ்டைரீன் பலகைகளைச் செருகலாம். பின்புறக் குழாய்களை மூடக் கூடாது. சுடருக்கும் புகைக்குழாய்க்கும் அருகில் எரியக்கூடிய நுரைப்பொருள் இருத்தல் ஆகாது. சில கம்ப்ரசர் பெட்டிகளின் ஒடுக்கி பக்கச் சுவர்களுக்குள் இருக்கும். அவற்றின் பக்கங்களில் காப்பு சேர்த்தால் குளிர்ச்சி குறையும்.

கதவின் ரப்பர் விளிம்பைச் சோதிக்க, ஒரு தாளை இடையில் வைத்துக் கதவை மூடி இழுத்துப் பார்க்கலாம். எளிதில் வழுக்கி வந்தால் அவ்விடத்தில் குளிர் கசிகிறது.

பாதுகாப்பு

எரிவாயுவில் இயங்கும் பெட்டியின் பின்புறம், மக்கள் தங்கும் பகுதியிலிருந்து காற்றுப் புகாதவாறு முழுமையாக அடைக்கப்பட வேண்டும். இதில் அலட்சியம் உயிருக்கே ஆபத்தாகும். எரிதல் சரியாக நிகழாதபோது உண்டாகும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ மணமோ இல்லை. உறங்குபவர் அறியாமலே மயங்கிவிடுவார். இதற்கான எச்சரிக்கைக் கருவியை ஊர்தியில் வைத்திருப்பது அவசியம். எரிவாயு இணைப்பைத் தேர்ச்சி பெற்றவரே கையாள வேண்டும். அமோனியா நெடி வீசினாலோ குழாய்களில் மஞ்சள் தூள் படிந்திருந்தாலோ பெட்டியை உடனே நிறுத்த வேண்டும். அத்தூள் குழாய் அரிப்பைத் தடுக்கச் சேர்க்கப்படும் சோடியம் குரோமேட், அது நச்சுப்பொருள்.

அளந்து பார்த்தல்

கதவைத் திறந்தவுடன் உள்ளிருக்கும் காற்றின் வெப்பநிலை மாறிவிடும். ஆகவே நடுத்தட்டில் ஒரு குவளை நீர் வைத்து, அதனுள் வெப்பமானியை இட்டு அளப்பதே நம்பத்தக்கது. இன்சுலின் எடுத்துச் செல்வோருக்கு இது மிகவும் முக்கியம். திறக்கப்படாத இன்சுலின் 2° முதல் 8° செல்சியசில் இருக்க வேண்டும். உறைந்துபோனாலும் அது கெட்டுவிடும்.

குளிர்காலத்தில் காற்றுத் துளைகளுக்கெனத் தயாரிக்கப்படும் மூடிகளைப் பொருத்துவர். வெயில் திரும்பியதும் அவற்றைக் கழற்ற மறப்பது, கோடையில் பெட்டி குளிராமைக்கு ஒரு காரணமாக அமைகிறது.