செல்போன் சொல்லும் வீட்டு விலையை எவ்வளவு நம்பலாம்?



சென்ற ஆண்டு எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினைப் பேச்சு வந்தது. தகப்பனார் விட்டுச்சென்றது இரண்டு சொத்து. சேந்தமங்கலத்தில் நான் குடியிருக்கும் வீடு ஒன்று, காளப்பநாயக்கன்பட்டியில் கிடங்கு ஒன்று. கிடங்கில் தகராறு இல்லை. வீட்டை நான் எடுத்துக்கொண்டு அண்ணனுக்குப் பாதி விலை கொடுப்பது என்று பேசினோம். விலை என்ன என்பதில்தான் வந்தது வினை. அண்ணன் மகன் செல்போனில் எதையோ தட்டிப் பார்த்து, "சித்தப்பா, சதுர அடி 4,800 போட்டிருக்கு. 1,400 சதுர அடிக்கு 67 லட்சத்து 20 ஆயிரம்" என்றான். நான் 40 லட்சம் என்று மனதில் வைத்திருந்தவன். அன்று எழுந்து போன அண்ணன் நான்கு மாதம் என் கடைப் பக்கம் வரவில்லை.

நமது உறுப்பினர்கள் பலரும் கடைக்கட்டிடம் வாங்க, வீட்டை வைத்து வங்கியில் கடன் கேட்க, பிள்ளைகளுக்குச் சொத்துப் பிரிக்க இப்போது இந்தச் செல்போன் விலையைத்தான் பேசுகிறார்கள். அது எங்கிருந்து வருகிறது என்று விசாரித்ததை எழுதுகிறேன்.

நான் மிளகு, காப்பிக்கொட்டை மொத்த வியாபாரம் செய்பவன். கொச்சி மிளகு விலையைக் காலையில் பார்த்துவிட்டுத்தான் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிறோம். அந்த விலைக்கே வாங்குகிறோமா? ஒரு லிட்டர் அளந்து நிறுத்தால் 550 கிராம் நிற்கிறதா, ஈரம் எவ்வளவு, பொக்கு எவ்வளவு, 70 கொண்டை ஊசி வளைவு இறக்க வண்டி வாடகை என்ன என்று பார்த்துத்தான் விலை சொல்கிறோம். கொச்சி விலையாவது சரக்கு கைமாறிய விலை. வீட்டுத் தளங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் விற்பவர் கேட்கும் விலை. விளம்பரங்களில் உள்ள தொகைகளைக் கூட்டிச் சராசரி எடுத்து, சதுர அடிக்கு இவ்வளவு என்று போட்டுவிடுகிறார்கள். சின்ன ஊரில் விளம்பரம் இல்லாவிட்டால் பக்கத்து ஊர் விலை வந்து உட்காரும். எங்கள் வீட்டுக்கு வந்தது நாமக்கல் புது மனைப்பிரிவு வீடுகளின் விலை. 1974-ல் கட்டிய வீடு, லாரி நுழையாத சந்து, ஒரு பக்கம் பொதுச்சுவர் என்பதெல்லாம் செல்போனுக்குத் தெரியாது.

அமெரிக்காவில் ஜில்லோ என்ற நிறுவனம் 2006 முதல் வீடுவீடாக மதிப்புப் போட்டு வெளியிடுகிறது. அங்கே பல மாநிலங்களில் விற்ற விலை பொதுப் பதிவேட்டில் இருக்கிறது. அதை எடுத்துக் கணக்கிடுகிறார்கள். அப்படியும் என்ன நடந்தது? 2016-ல் அதன் தலைமை நிர்வாகியாக இருந்த ஸ்பென்சர் ராஸ்காஃப், சியாட்டில் நகரில் தமது வீட்டை 10.5 லட்சம் டாலருக்கு விற்றார். மறுநாள் அவருடைய தளமே அந்த வீட்டுக்கு 17.5 லட்சம் டாலர் என்று காட்டிக்கொண்டிருந்தது. பிறகு அந்த நிறுவனமே வீடுகளை வாங்கி விற்கும் தொழிலில் இறங்கியது. விலை எப்படிப் போகும் என்ற கணக்கு தப்பி, 2021 நவம்பரில் அதை மூடுவதாக அறிவித்தது. ஒரே காலாண்டில் 30 கோடி டாலருக்கு மேல் மதிப்பைக் குறைத்து எழுதினார்கள். பணியாளர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு வேலை போனது.

விற்பனைக்கு வராத வீட்டுக்குத் தங்கள் கணக்கு ஏறத்தாழ 7 சதவீதம் தவறும் என்று அவர்களே சொல்கிறார்கள். இது நடுமட்டக் கணக்கு. நூறு வீட்டில் ஐம்பது வீட்டுக்கு அதற்குள், மீதி ஐம்பதுக்கு அதற்கு மேல். நம் வீடு எந்த ஐம்பதில் என்று யாரும் சொல்வதில்லை.

நம் ஊரில் பதிவேடு இல்லையா என்றால், இருக்கிறது. அதைக் கெடுத்தவர்களில் நாமும் உண்டு. வாங்கிய விலையை எழுதாமல் அரசு வழிகாட்டி மதிப்பை எழுதிப் பதிவு செய்வது வழக்கமாகிவிட்டது. நானும் ஒரு மனையை அப்படி எழுதியவன்தான். வழிகாட்டி மதிப்பு 2012-ல் மாற்றப்பட்டது. 2017 ஜூனில் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரல் முதல் பழைய 2012 மதிப்பு திரும்ப வந்தது. 2024 ஜூலையில் மறுபடி மாற்றம். பத்திரத் தொகையை மட்டும் கணினியில் ஏற்றினால், 2017-ல் தமிழ்நாடு முழுக்க வீட்டு விலை மூன்றில் ஒரு பங்கு சரிந்தது போலத் தெரியும். அப்படியொன்றும் சரியவில்லை என்பது நமக்குத் தெரியும். (குறைத்து எழுதியதால் முத்திரைத்தாளில் மிச்சம் பிடித்தோம் என்று சந்தோஷப்பட்டவர்கள், பிற்பாடு வங்கிக் கடன் கேட்கும்போதும் விற்று வருமான வரி கட்டும்போதும் விழித்த கதை தனி.)

மலை மேல் நிலைமை இன்னும் வேறு. வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு பக்கமெல்லாம் விற்பனையே அபூர்வம். பட்டா பாட்டன் பெயரில் இருக்கும். அரசு நிபந்தனையுடன் ஒப்படை செய்த நிலம் என்றால் விற்கவே வழியில்லாமல் இருக்கலாம். ஆனாலும் செல்போனில் கேட்டால் ஏதோ ஒரு தொகை வந்து விழும். அதை நம்பி முன்பணம் கொடுக்கும் வெளியூர்க்காரர்களைப் பார்த்திருக்கிறேன்.

எங்கள் வீட்டுக்கு வருவோம். வழிகாட்டி மதிப்புப்படி மனையும் கட்டிடமும் சேர்த்து 29 லட்சம் சொச்சம் வந்தது. செல்போன் 67. இரண்டில் எது சரி என்று கேட்டால் இரண்டும் இல்லை. எனக்கு ஒரு பத்திர எழுத்தர் சொன்ன யோசனை பயன்பட்டது. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கச் சான்றைச் செலவில்லாமல் பார்க்கலாம். பக்கத்து வீடுகளின் சர்வே எண்ணைப் போட்டு, கடந்த மூன்று ஆண்டுக் கிரயங்களைப் பார்க்க வேண்டும். அதில் கிரயத்தை அடுத்தாற்போல் வங்கி அடமானப் பதிவு இருக்கிறதா என்று கவனியுங்கள். கடன் போட்டு வாங்கியவர் கூடுதல் கடனுக்காக உண்மை விலையை ஒட்டி எழுதியிருப்பார். எங்கள் தெருவை ஒட்டி அப்படி இரண்டு கிரயம் கிடைத்தது. அந்த வீட்டுக்காரர்களிடம் போய் நேரிலும் கேட்டோம். பிறகு வங்கிப் பட்டியலில் உள்ள மதிப்பீட்டாளர் ஒருவரை, கட்டணத்தை அண்ணனும் நானும் பாதிப்பாதி போட்டு வரவழைத்தோம். ஒருவர் மட்டும் அழைத்திருந்தால் மற்றவர் நம்பியிருக்க மாட்டார். அவர் சுவரைத் தட்டி, சந்தை அளந்து, 44 லட்சம் என்று எழுதிக் கொடுத்தார். நான் நினைத்ததைவிட 4 லட்சம் கூடுதல் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

அண்ணனுக்கு 22 லட்சம் கொடுத்துப் பத்திரம் பதிவாகிவிட்டது. இப்போது சாயங்காலம் கடைக்கு வந்து டீ குடிக்கிறார். அவர் மகன் மட்டும் இன்னும் 67 என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறான்.