வராதவர் இடத்தில் ஆடுபவர்

2011-இல் சிங்கப்பூரின் மரினா பே சேண்ட்ஸ் அரங்கில் ‘தி லயன் கிங்’ இசை நாடகம் பார்த்தவர்களுக்கு முதல் காட்சி மறந்திருக்காது. பெரிய யானை ஒன்று நடந்து வரும். அதற்குள் நான்கு பேர். கைகளிலும் கால்களிலும் பொய்க்கால் கட்டி ஒட்டகச்சிவிங்கியாக நடப்பது ஒரே ஆள். பிறகு தலையில் புல்தட்டு சுமந்து புல்வெளியாக அசைவதும் இதே குழுதான். தனிப் பெயர் கொண்ட பாத்திரம் இல்லாமல் காடாகவும் ஊராகவும் படையாகவும் மாறும் இந்த ஆட்டப்பாட்டுக் குழுவை ‘என்செம்பிள்’ என்கிறார்கள்.

பெரிய இசை நாடகங்கள் வாரத்துக்கு 8 காட்சிகள் நடக்கும். ஒருவருக்குக் கணுக்கால் பிசகும், இன்னொருவருக்குத் தொண்டை கட்டும். ஆனாலும் காட்சி நிற்காது. காப்பாற்றுபவர் ‘ஸ்விங்’: வழக்கமாக மேடையேறாமல், குழுவில் பலருடைய பங்கையும் மனப்பாடம் செய்துவைத்திருக்கும் மாற்றுக் கலைஞர். பத்துப் பேரின் பங்கு, 15 பாட்டு என்று வைத்துக்கொண்டால்கூட 150 தனித்தனி ஆட்ட வழிகள் ஒரே உடம்பில் தங்க வேண்டும். ஒரே நாளில் இரண்டு பேர் வராவிட்டால், இருவர் வேலையிலும் விடவே முடியாதவற்றைப் பொறுக்கியெடுத்து ஒருவரே ஆடுவதும் உண்டு. நாயகன் வேடத்தைவிட இதுதான் கடினம் என்பேன்.

நம் மரபிலும் இப்படிச் சமாளிப்பவர்கள் உண்டு. தமிழ்நாட்டு ஸ்பெஷல் நாடகத்தில் நாயகனாக நடிக்கும் ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்தும் நாயகியாக நடிக்கும் ஸ்திரீபார்ட் வேறு ஊரிலிருந்தும் வந்து, ஒத்திகையே இல்லாமல் அன்றிரவே ‘வள்ளி திருமணம்’ நடத்திவிடுவார்கள். கதையும் பாட்டும் எல்லோருக்கும் பொது என்பதால், மேடையிலேயே ஒருவருக்கொருவர் எடுத்துக்கொடுத்துச் சமாளிக்கலாம். ஸ்விங்குக்கு அந்தத் தாராளம் கிடையாது. ஓரடி தள்ளி நின்றால் பக்கத்து ஆட்டக்காரரின் கால் மேலே படும். மேலிருந்து இறங்கும் காட்சித் தட்டி தலையில் இடிக்கும்.

அதற்காகவே மேடையின் முன்விளிம்பில், பார்வையாளர் கண்ணில் படாமல், எண்கள் ஒட்டியிருக்கும். நடுவில் 0, அங்கிருந்து இரு பக்கமும் 2, 4, 6 என்று ஏறும். ஸ்விங்கின் குறிப்பேட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு வரைபடம் உண்டு: யார், எந்த எண்ணில், எந்தச் சொல் வரும்போது, யாருக்கு முன்னால் கடக்க வேண்டும் என்று.

இதைவிட என்னை வியக்க வைப்பது தாளம். ஒலி நொடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் போகும். வாத்தியக் குழுவிலிருந்து 17 மீட்டர் தள்ளி மேடையின் பின்கோடியில் நிற்பவர் காதுக்கு இசை ஒரு நொடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகவே சேரும். அவர் காதை நம்பிப் பாடினால் அவர் குரலும் அதே அளவு தாமதித்தே திரும்பி வரும், தாமதம் இரட்டிக்கும். ஆகவே இசை நடத்துநரின் கையசைவைக் கேமரா பிடித்து, பால்கனி முகப்பில் மேடையைப் பார்த்து மாட்டிய திரையில் காட்டுகிறது. ஒளிக்கு அந்தத் தாமதம் இல்லை. பாடுபவர்கள் பார்வையாளரைப் பார்ப்பதாகத் தோன்றும்போது பல சமயம் அந்தத் திரையைத்தான் பார்க்கிறார்கள்.

பக்கத்திரைக்குப் பின்னால் இன்னொரு வித்தை. சட்டைப் பொத்தான்கள் வெறும் அலங்காரம். அடியில் இழுத்தால் பிரியும் ஒட்டுப்பட்டை. ஷூவில் கயிறுக்குப் பதில் எலாஸ்டிக். அடுத்த உடை சில சமயம் இந்த உடைக்குள்ளேயே இருக்கும். உடை உதவியாளர் இருட்டில் குனிந்து பிடித்திருக்கும் பாவாடைக்குள் ஆட்டக்காரர் கால்வைத்து, அரை நிமிடத்துக்குள் மறுபடி மேடையில் நிற்பார். நெற்றி முடியோரத்தில் ஒளிந்திருக்கும் மைக் மட்டும் அசையக் கூடாது.

இந்த வேலைக்குச் சிங்கப்பூரிலேயே பயிற்சி உண்டு. லிட்டில் இந்தியாவிலிருந்து நடந்தே போகக்கூடிய மெக்னாலி தெருவில் இப்போது இயங்கும், 1984-இல் பிரதர் ஜோசப் மெக்னாலி தொடங்கிய லாசால் கலைக் கல்லூரியில் இசை நாடகத்துக்கென்றே பட்டப்படிப்பு இருக்கிறது. ஆட்டம், பாட்டு, நடிப்பு மூன்றும் சேர்ந்த பயிற்சி அது. மைக்கேல் சியாங் எழுதி டிக் லீ இசையமைத்த ‘பியூட்டி வேர்ல்டு’ 1988-இல் மேடையேறியதிலிருந்து சிங்கப்பூருக்குச் சொந்த இசை நாடகங்களும் உண்டு. ஆனால் உள்ளூர்த் தயாரிப்புகள் சில வாரங்களில் முடிந்துவிடும். அடுத்த வாய்ப்பு வரும்வரை பலர் நடனமோ பாட்டோ சொல்லிக்கொடுத்துப் பிழைக்கிறார்கள். உடம்பையும் குரலையும் தயாராக வைத்திருக்கிறார்கள்.

அடுத்த முறை இசை நாடகம் பார்க்கப் போனால் நிகழ்ச்சி ஏட்டில் ‘ஸ்விங்’ என்ற தலைப்பைத் தேடுங்கள். அதன் கீழுள்ள பெயர்களைப் படித்துவிட்டு இருக்கையில் உட்காருங்கள்.