பிள்ளைப் பருவம் கடந்த பின்பு

மனிதனுடைய மூளை உருப்பெற்று வளருங் காலத்திலேயே தோன்றி, ஆயுள் முழுவதும் அவனுடன் வருகின்ற சில நிலைமைகள் உள்ளன. பேச்சிலும் பிறருடன் பழகும் முறையிலும் வேறுபாடு காட்டுகின்ற ஓட்டிசம். ஒன்றில் மனம் நிலைக்காமையும் ஓயாத துடிதுடிப்பும் கொண்ட கவனக்குறைவு நிலை. கற்றலும் விளங்கிக்கொள்ளலும் தாமதப்படுகின்ற அறிவு வளர்ச்சிக் குறைபாடு ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. நரம்பு வளர்ச்சிக் கோளாறுகள் எனப் பொதுப்பெயரால் வைத்தியர்கள் இவற்றை வழங்குவர். இவற்றைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் குழந்தைகளைப் பற்றியே பேசுகின்றனர். அக்குழந்தைகளுக்கும் இருபது வயதாகும், நாற்பது வயதாகும், தாய் தந்தையரை இழக்குங் காலமும் வரும். நேயர்களே, இன்று நாம் சிந்திக்கவிருப்பது வளர்ந்துவிட்ட அந்தப் பிள்ளைகளைப் பற்றியே.

மன்னார்த் தீவுக்கு எதிரே, பெருநிலக் கரையில் அமைந்த வங்காலையை எடுத்துக்கொள்வோம். புனித ஆனாள் ஆலயத்தைச் சூழ அமைந்த மீனவர் ஊர் அது. ஊரை அடுத்த உவர் நிலமும் சதுப்பு நிலமும் 2008இல் சரணாலயமாகப் பிரகடனஞ் செய்யப்பட்டன; 2010இல் ராம்சார் உடன்படிக்கையின்கீழ் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக ஏற்கப்பெற்றன. அங்கு வந்திறங்கும் பூநாரைகளை எண்ணுவதற்கு அறிஞர்கள் தொலைநோக்கியுடன் வருகின்றனர், நல்ல காரியமே. மனிதரையும் சற்று எண்ணிப் பார்ப்போம். 18 முதல் 24 மாத வயதுடைய குழந்தைகளுள் 93 பேருக்கு ஒருவர் ஓட்டிசம் உடையவர் என 2009இல் வெளியான இலங்கை ஆய்வொன்று கண்டது. பிற நாடுகளிற் கண்ட அளவும் ஏறத்தாழ நூற்றுக்கு ஒருவர் என்பதே. அவ்வாறாயின், ஆயிரம் பேர் வாழும் கடலோரக் கிராமம் ஒன்றில் ஓட்டிசம் உடையோர் மட்டும் பத்துப் பேரளவில் இருத்தல் வேண்டும். அவர்கள் எங்கே?

அவர்கள் ஊருக்குள்ளேதான் இருக்கிறார்கள். வேறு பெயர்களுடன் இருக்கிறார்கள். வலை பொத்துவதில் கைதேர்ந்தவர், ஆயினும் எவர் முகத்தையும் பாராதவர் என ஒருவரை ஊர் அறியும். ‘விசரன்’ எனப் பெயர் சூட்டிச் சிறுவர்கள் கல்லெறியும் மற்றொருவர் இருப்பார். விருந்தினர் வரும்போது உள்ளறையில் வைத்துக் கதவு சாத்தப்படும் பெண்ணொருத்தியும் இருப்பாள். மூவருக்கும் ஒரே நிலைமை இருக்கலாம் என்பது எவருக்கும் தோன்றுவதில்லை.

குழந்தைகளுக்கு இந்நாட்டில் ஓரளவு வழி உண்டு. கொழும்புச் சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையும், களனிப் பல்கலைக்கழக மருத்துவ பீடத்தைச் சார்ந்து றாகமையில் இயங்கும் அயாதி நிலையமும் அவ்வழியில் அமைந்தவை. பதின்பருவத்தின் நடுவில் சிறுவர் விடுதியின் வாயில் மூடுகிறது. அதன்பின் திறக்கும் வாயில் பெரும்பாலும் பெரியோருக்கான உளமருத்துவப் பிரிவேயாகும். அப்பிரிவு இயல்பாகவே சித்தப்பிரமை, பெருஞ்சோர்வு, மதுப் பழக்கம் முதலியவற்றைப் பார்த்துப் பழகியது. பிறவியிலிருந்து வரும் வேறுபாட்டையும் இடையில் வந்த நோயையும் பிரித்தறிய நேரம் வேண்டும். நீண்ட வரிசை வெளியே காத்திருக்கையில் அந்நேரத்துக்கு வைத்தியர் எங்கே போவார்?

ஒரு சிறு உதாரணம் கூறுகிறேன். உளமருத்துவர்கள் வழக்கமாகக் கேட்கும் வினாக்களுள் ஒன்று, ‘உமக்குக் குரல்கள் கேட்கின்றனவா?’ என்பது. வேறு எவருக்குங் கேளாத குரல் கேட்கிறதா என்பதே அவர் கருத்து. ஓட்டிசம் உடையவர் சொல்லைச் சொல்லாகவே கொள்வார். அடுத்த அறையில் தாதியர் பேசுகின்றனர், வெளியே முச்சக்கர வண்டிக்காரர் பேசுகிறார். ஆதலின் ‘ஓம், கேட்கின்றன’ என்று உண்மையே உரைப்பார். அந்த ஒரு விடையினால் பல்லாண்டுக் கால மருந்து அவர்மீது சுமத்தப்படக்கூடும். இதனைத் தவிர்க்கும் வழி எளியது. ‘அறையில் ஒருவரும் இல்லாதபோது யாரோ பேசுவது கேட்கிறதா? என்ன சொல்கிறது?’ என விரித்துக் கேட்டல் வேண்டும். அதனினும் முதன்மையான வினா, ‘எப்போதிலிருந்து?’ என்பது. மூன்று வயதிலும் இவ்வாறே இருந்தார் என்றால் அது ஒரு கதை. இருபது வயது வரை எல்லோரையும் போலிருந்து பின்னர் மாறினார் என்றால் அது முற்றிலும் வேறு கதை.

வடபுலத்தில் அந்த வினாவுக்கு விடை பெறுவது எளிதன்று. 1990இலும் அதன் பின்னரும் மன்னார்க் கரையிலிருந்து எத்தனையோ குடும்பங்கள் வள்ளமேறி இராமேசுவரத்துக்கும் மண்டபத்துக்கும் சென்றன. குழந்தையின் நிறையும் வளர்ச்சியும் பதிந்த அட்டை வீட்டோடு போயிற்று. மூன்று வயதிற் பிள்ளை எவ்வாறிருந்தது என்று சொல்லவேண்டிய தாயும் சில வீடுகளில் இல்லை. போர் மக்களின் உள்ளங்களில் ஏற்படுத்திய காயங்களை யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் 1998இல் நூலாகவே எழுதி வெளியிட்டார். அக்காயங்கள் மெய்யானவை. அதனாலேயே ஒரு சிக்கலும் எழுகிறது: பேசாதவர், திடீரொலிக்கு நடுங்குபவர், கூட்டத்துக்கு அஞ்சுபவர் எவராயினும் ‘யுத்தத்தாற் பாதிக்கப்பட்டவர்’ என்ற ஒரே பெட்டிக்குள் அடக்கிவிடுகிறோம். ஒரே மனிதரிடத்தில் பிறவி வேறுபாடும் போரின் வடுவும் சேர்ந்திருத்தலுங் கூடும். தினமும் ஒரே பாதை, ஒரே பாய், ஒரே கோப்பை என வாழ்ந்த ஒருவருக்கு அகதி முகாமின் வாழ்வு எத்தகைய துன்பமாயிருந்திருக்கும் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, உடலைப் பற்றி விரிவாகவே பேசவேண்டும். ஏனெனில் மிகுந்த உயிர்ச்சேதம் நிகழ்வது இங்கேதான். 2016இல் வெளியான சுவீடன் நாட்டு ஆய்வொன்றில், இறந்தோரின் சராசரி வயது பொதுமக்களிடையே 70 ஆகவும், ஓட்டிசம் உடையோரிடையே 54 ஆகவும் காணப்பட்டது. அறிவு வளர்ச்சிக் குறைபாடும் சேர்ந்திருந்தோர் நாற்பது வயதளவிலேயே இறந்தனர். அவர்களிடையே வலிப்பு நோய் பெருங் காரணமாயிருந்தது. அக்குறைபாடு இல்லாதவரிடையே தற்கொலை மிகுந்திருந்தது. செல்வமும் வைத்திய வசதியும் நிறைந்த நாட்டின் கணக்கு இது.

ஏன் இவ்வாறாகிறது? ஒருவர் வாய்திறந்து ‘பல் நோகிறது’ என்று சொல்லமாட்டார். தன் கன்னத்தில் தானே அறைந்துகொள்வார். மலம் ஒரு வாரமாகக் கட்டியிருக்கும். அவரோ சோற்றுக் கோப்பையை வீசி எறிவார். காதுக்குள் சீழ் இருக்கும். தலையைச் சுவரில் மோதுவார். வீட்டாரும் வைத்தியரும், ‘இவருடைய நிலைமையே இதுதான்’ என்று முடிவு கட்டிவிடுவர். ஏற்கெனவே உள்ள பெயர் புதிய நோயை நிழல்போல் மறைத்துவிடுகிறது. ஆகவே, அமைதியாயிருந்த ஒருவர் திடீரென மூர்க்கங் கொண்டால், முதலில் பல், காது, வயிறு, சிறுநீர், நித்திரை, வலிப்பு ஆகியவற்றைத் தேடல் வேண்டும். அடுத்து, அவருடைய சூழலில் யாது மாறியது எனக் கேட்டல் வேண்டும். தமையன் வெளிநாடு சென்றானா? அயலில் ஒலிபெருக்கி கட்டினார்களா? எவரேனும் அவரை வருத்தினார்களா? இந்த இறுதி வினாவைப் பெண்பிள்ளைகள் விடயத்தில் நாணமின்றிக் கேட்டல் வேண்டும்; சொல்லத் தெரியாதவர்களைத் தேடிச் செல்லும் கயவர் எல்லா ஊரிலும் உளர். டவுன் நிலையுடன் பிறந்தவர்களுக்கு இவற்றுக்கு மேலாகத் தைரொயிட்டுச் சோதனையும் வேண்டும்; நாற்பது வயதை ஒட்டியே அவர்களிற் பலருக்கு மறதி நோய் தொடங்குவதுமுண்டு.

இவ்வளவும் பார்த்த பின்னரே மருந்துப் பேச்சு வரவேண்டும். வலிப்புக்கும் பெருஞ்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் நல்ல மருந்துகள் உண்டு. வளர்ந்தோரின் கவனக்குறைவு நிலைக்கும் மெதில்பெனிடேற்று முதலிய மருந்துகள், நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமும் பார்த்துக் கொடுக்கப்படுமாயின், பெரும்பயன் தருகின்றன. ஓட்டிசத்துக்கோ அறிவு வளர்ச்சிக் குறைபாட்டுக்கோ அதனையே மாற்றும் மருந்து இல்லை. எனினும், 1952இல் குளோர்புறோமசீன் உளமருத்துவத்தில் நுழைந்த நாள்முதல், சித்தப்பிரமைக்கான மருந்துகள் அமைதிப்படுத்தும் பொருட்டு இவர்களுக்கும் தாராளமாக வழங்கப்பட்டு வந்துள்ளன. 2008இல் வெளியான ஆய்வொன்றை இங்கு குறிப்பிடல் தகும். அறிவு வளர்ச்சிக் குறைபாடும் மூர்க்கக் குணமும் உடைய 86 பேரை மூன்று கூறாக்கி, ஒரு கூறுக்கு றிஸ்பெரிடோனும், ஒரு கூறுக்கு ஹலோபெரிடோலும், எஞ்சியோருக்கு மருந்தில்லா வெற்றுக் குளிசையும் கொடுத்தனர். நான்கு வாரத்தில் மூன்று கூறினரும் தணிந்தனர்; மிகுதியாகத் தணிந்தோர் வெற்றுக் குளிசை பெற்றவரே!

இதனைக் கேட்ட எவரும் உடனே மருந்தை நிறுத்திவிடலாகாது. திடீர் நிறுத்தம் தீங்கு பயக்கும். குறைப்பதாயின் வைத்தியர் சொற்படி சிறிது சிறிதாகவே குறைத்தல் வேண்டும். கேட்கவேண்டிய கேள்வி, ‘எதற்காக இம்மருந்து, எத்தனை மாதத்துக்கு?’ என்பதே. இம்மருந்துகளால் நிறை கூடுகிறதா, இரத்தத்திற் சீனி ஏறுகிறதா, கை நடுங்குகிறதா எனப் பார்த்துவருதல் வேண்டும். இன்னொன்றும் உண்டு. சிலருக்கு இம்மருந்துகளே இருக்கையில் இருக்கவிடாத ஒரு தவிப்பை உண்டாக்கும். அத்தவிப்பைக் குழப்படி கூடிவிட்டதெனக் கருதி மருந்தை மேலும் கூட்டினால், தவிப்பும் மேலும் கூடும். அச்சுழலில் அகப்பட்டவர் தாமே அதனை எடுத்துரைக்க வல்லாரல்லர்.

வைத்தியத்தை அணுக இயலாதபோது மக்கள் வேறு வாயில்களைத் தட்டுகின்றனர். எமது கரைக்கு எதிர்க்கரையில், இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள ஏர்வாடித் தர்காவுக்கு உளநோய் தீருமென நம்பிப் பலரும் சென்று தங்குவர். அதனை அண்டித் தனியார் நடத்திய விடுதிகள் பல இருந்தன. 2001ஆம் ஆண்டு ஓகத்து 6ஆம் நாள் அவற்றுள் ஒன்றின் ஓலைக் கொட்டகையில் தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் ஓட முடியவில்லை. 28 பேர் மாண்டனர். அதன்பின் இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே அவ்விடயத்தை விசாரணைக்கு எடுத்தது. அத்தகைய விடுதிகள் மூடப்பட்டன. பிற்காலத்தில் அத்தர்காவின் பக்கத்திலேயே, பிரார்த்தனையோடு மருந்தும் என்ற முறையில் அரசாங்க வைத்தியம் வந்தது. இந்த இறுதிச் செய்தி எனக்கு மிகவும் ஏற்புடையது. மடு மாதாவிடம் நேர்த்தி வைக்கும் தாயிடம், ‘நேர்த்தியை விடு, மருந்தைக் கொடு’ என்று வாதாடுதல் வீண். இரண்டும் நடக்கட்டும், சங்கிலி மட்டும் வேண்டாம்.

எமது நாட்டிலோ நெடுங்காலம் உளநோய் வைத்தியமென்றால் அங்கொடை என்றே பொருள். மன்னாரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 300 கிலோமீற்றர். பேருந்தின் இரைச்சலைத் தாங்காத ஒருவருக்கு அது எத்தகைய பிரயாணம்! அங்கொடை வைத்தியசாலை 2008இல் தேசிய மனநல நிறுவகம் எனப் பெயர் பெற்றது. அதற்கு முன்னரே, 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலையின் பின்னர் உருவான 2005ஆம் ஆண்டின் தேசிய உளநலக் கொள்கை, ஓரிடத்தில் குவிந்திருந்த சேவையை மாவட்டந்தோறும் பரப்ப வழி வகுத்தது. மாற்றுத்திறன் உடையோரின் உரிமைகளுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் உண்டு. ஐக்கிய நாடுகளின் உடன்படிக்கையையும் இலங்கை 2016இல் ஏற்று உறுதிசெய்தது. ஏட்டில் உள்ளவை இவை. கிளினிக்கில் இவை எவ்வுருவங் கொள்ளல் வேண்டும்? இத்தகையவரை வரிசையில் முதலாவதாக அழைத்தல். மின்விசிறியும் சனநெருக்கமும் குறைந்த ஓர் அறை. ஊசி ஏற்றுமுன் ஊசியில்லாமல் ஒரு நாள் வந்து அறையைப் பார்த்துச் செல்ல இடமளித்தல். வீட்டில் நடப்பதைக் கைத்தொலைபேசியிற் படம்பிடித்து வந்தால் வைத்தியர் அதனைப் பார்த்தல். இவற்றுள் எதற்கும் வெளிநாட்டு உதவி தேவையில்லை.

வாழ்வு எவ்வாறு அமையலாம் என்பதற்கும் ஒரு சான்று உண்டு. ஓட்டிசத்தை 1943இல் விவரித்து எழுதிய லியோ கன்னர் என்னும் வைத்தியர், பதினொரு குழந்தைகளைப் பற்றி அதிற் கூறினார். முதலாமவர் ஐக்கிய அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தைச் சேர்ந்த டொனால்ட் திரிப்லற். சிறுவனை ஒரு விடுதியில் விட்ட பெற்றோர், ஓராண்டளவில் மீண்டும் அழைத்துக்கொண்டனர். பின்னர் ஒரு கமக்காரக் குடும்பத்துடன் அவர் சிலகாலம் வாழ்ந்தார். சோள வரிசைகளைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்த அவரை அக்கமக்காரர் தடுக்கவில்லை. உழுதுகொண்டே எண்ணச் சொன்னார். எதையும் அளந்து பார்க்கும் அவாவைக் கிணறு தோண்டி அதன் ஆழத்தை அளப்பதிற் செலுத்தினார். டொனால்ட் பின்னாளில் வங்கியில் வேலை பார்த்தார், தனியாகப் பல நாடுகளுக்குப் பிரயாணஞ் செய்தார், தம் சிற்றூராரின் அன்புக்குரியவராய் வாழ்ந்து 2023இல் 89ஆம் வயதிற் காலமானார். கன்னர் 1971இல் அப்பதினொருவரையும் தேடிப் பார்த்தபோது, பெரும் விடுதிகளிற் சேர்க்கப்பட்டவர்கள் ஒளியிழந்து போயிருக்கக் கண்டார். வலைக் கண்களை எண்ணும் பழக்கமுடையவரை, கருவாட்டை ஒரே சீராக அடுக்காவிட்டாற் சினப்பவரை எமது கடற்கரை வாடிகளில் எவ்வாறு நடத்துகிறோம் என்பதையும் இதனுடன் வைத்து நோக்கலாம்.

தாய்மார் எவரைக் கேட்டாலும், ‘எனக்குப் பிறகு யார்?’ என்ற கேள்வியே முன்னிற்கும். முழுமையான விடை அரசாங்கத்திடமும் சமூகத்திடமும் இருக்கிறது. ஆயினும் ஒரு பகுதியைத் தாய் இன்றே செய்துவைக்கலாம். பாடசாலைக் கொப்பி ஒன்று போதும். என்ன உண்பார், எதனை உண்ணார், எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த மருந்து ஒவ்வாதது, வலிப்பு இறுதியாக எப்போது வந்தது, நோவு வந்தால் எவ்வாறு காட்டுவார், எந்த ஒலிக்கு அஞ்சுவார், எந்தப் பாட்டுக்கு அடங்குவார் என்பனவற்றை அதில் எழுதுக. எழுத அறியாத தாய்க்கு அயலிலுள்ள பிள்ளை எழுதிக்கொடுக்கலாம். ஒரு படி கிளினிக் அட்டையுடன் இருக்கட்டும்; மற்றொரு படியை, அவர் விரும்பிச் சென்று அமர்ந்திருக்கும் வீடு எதுவோ அவ்வீட்டாரிடம் கொடுத்துவைத்தல் நன்று.