அகராதிக் கோப்பில் வரி வடிகட்டலும் குறுக்கு விசைகளும்: கிரேட் அந்தமானிய உடல்வகை ஒட்டுகளை முன்வைத்து

கிரேட் அந்தமானிய மொழியில் குருதியைக் குறிக்கும் ‘தெய்’ என்னும் அடி, உடலின் எப்பகுதியைச் சார்ந்தது என்பதைச் சுட்டும் ஒட்டினை ஏற்று வருகிறது. உடலுக்குள் கசியும் குருதி ‘எ=தெய்’ ஆகும்; விரலில் காணும் குருதி ‘ஒங்=தெய்’ ஆகும். இத்தகைய ஒட்டுகளைப் போர்ட்மன் முதலியோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கண்டு குறித்துள்ளனர். எனினும் அவற்றை ஏழு வகைகளாகப் பகுத்து, மொழியின் இலக்கணம் முழுவதிலும் அவை ஊடுருவி நிற்பதைக் காட்டியவர் அன்விதா அப்பி ஆவார்; அவரது இலக்கண நூல் 2013-இல் வெளிவந்தது.

இம்மொழிச் சொற்களை அகர வரிசையில் அடுக்கினால் மேற்கண்ட இரு சொற்களும் வெவ்வேறு பக்கங்களில் சென்று அமையும். அவற்றின் உறவு மறைந்துவிடும். சொல்லை ஈற்றிலிருந்து தேடும் வழி இருந்தாலன்றி அவ்வுறவு புலப்படாது. இவ்வினக்குழுவின் கிளைமொழிகளுள் ஒன்றாகிய ‘போ’வின் கடைசிப் பேச்சாளராகிய போவா சீனியர் 2010 ஜனவரியில் மறைந்தார். அத்தகைய மொழிக்குத் திரட்டப்பட்ட தரவே இறுதிச் சான்று. கோப்பில் தவறிப்போகும் ஒரு வரியை மீண்டும் கேட்டு எழுதிக்கொள்ள ஆளில்லை.

கணிப்பொறியில் வரிகளை வடிகட்டும் முறை புதிதன்று. யூனிக்ஸின் ‘எட்’ என்னும் தொகுப்பியில், குறித்த கோவை அமைந்த வரிகளை மட்டும் காட்டும் கட்டளையின் எழுத்துகளே ‘கிரெப்’ என்னும் கருவிக்குப் பெயராயின. அதனைக் கென் தாம்ஸன் 1973-இல் தனி நிரலாக்கினார். இன்றைய நிரல் தொகுப்பிகளில் இதே செயலைச் சில விசைகளால் நிகழ்த்தலாம்.

ஆயின் அகராதிக் கோப்புக்கு ஓர் இடர் உண்டு. டூல்பாக்ஸ் போன்ற மென்பொருள்களில் ஒரு பதிவு பல வரிகளாக அமைகிறது: தலைச்சொல் ஒரு வரி, சொல்வகை ஒரு வரி, பொருள் ஒரு வரி. இதனை அவ்வாறே வடிகட்டினால் தலைச்சொல் மட்டும் எஞ்சும், பொருள் உதிர்ந்துபோகும். ஆகவே முதற்கண் ஒவ்வொரு பதிவையும் ஒரே வரியாக்குதல் வேண்டும். தலைச்சொல் வரி நீங்கலாக ஏனைய வரிகளின் முன்னுள்ள வரிமுறிவை நீக்கி, அவ்விடத்தில் டேப் குறியை இட்டால் இது கைகூடும்.

இதன்பின் விசுவல் ஸ்டுடியோ கோட் தொகுப்பியில் செய்ய வேண்டியவை சிலவே. கண்ட்ரோல்–எஃப் தேடற்பெட்டியைத் திறக்கும்; ஆல்ட்–ஆர் கோவைமுறைத் தேடலை இயக்கும். வரித்தொடக்கம், தலைச்சொற்குறி, டேப் அல்லாத எழுத்துகள், ‘=தெய்’ (கோப்பில் உள்ள உரோமன் வடிவில்), டேப், வரியின் எஞ்சிய பகுதி முழுவதும் என்ற வரிசையில் கோவையை அமைத்தல் வேண்டும். ஆல்ட்–என்டர் விசைகளை அழுத்தினால் பொருந்தும் வரிகள் அனைத்தும் ஒருங்கே தெரிவாகும். கண்ட்ரோல்–சி, கண்ட்ரோல்–என், கண்ட்ரோல்–வி ஆகியவற்றை முறையே அழுத்த, அவை புதிய கோப்பில் வந்தமையும். பொருந்தாத வரிகளை அழித்துவிடும் கட்டளைகளும் ‘விம்’ முதலிய தொகுப்பிகளில் உள்ளன. மூலக் கோப்பில் அவற்றைக் கையாளுதல் தகாது.

தேடுகோவையில் சமக்குறியை விடுதல் கூடாது. உரோமன் எழுத்துப்பெயர்ப்பில் ‘எ’ என்னும் ஒட்டை மட்டும் தேடினால், ‘எர்’ என்னும் வேறு வகையும், அவ்வெழுத்தில் தொடங்கும் ஒட்டல்லாத சொற்களும் கலந்து வரும். அவ்வெண்ணிக்கையைக் கொண்டு வகைகளை ஒப்பிடுதல் பயனற்றது. மேலும், உடைமை காட்டும் பதிலிச்சொல் ஒட்டுக்கு முன்னர் வந்து இணைவதுண்டு. ஆதலின் வரித்தொடக்கத்தைக் கட்டாயமாக்கும் கோவை தலைச்சொற்களுக்கே பொருந்தும். எடுத்துக்காட்டுத் தொடர்களில் அது பல வடிவங்களைத் தவறவிடும்.

தமிழிற் பொருள் எழுதும் மொழிபெயர்ப்பாளர் பிறிதொன்றையும் நோக்குதல் வேண்டும். ‘கொ’ என்பதன் உயிர்க்குறி யூனிக்கோடில் ஒரே குறியீடாகவும், ஒற்றைக்கொம்பும் காலுமாகிய இரு குறியீடுகளாகவும் பதிவாகக்கூடும். திரையில் வேறுபாடு தெரியாது. ஆயின் ஒன்றைத் தேடுங்கால் மற்றது பிடிபடாமல் போகலாம். ‘கொழுப்பு’ என்று பொருள் குறித்த பதிவுகளுட் சில வாராதொழிந்தால், அம்மொழியில் அச்சொற்களே இல்லை என ஆய்வாளர் கொள்ள நேரும். வடிகட்டுவதற்கு முன்னரே கோப்பு முழுவதையும் யூனிக்கோடு தரம் வகுத்த சீர்வடிவங்களுள் ஒன்றுக்கு மாற்றிக்கொண்டால் இவ்விடர் நேராது.