காபி பாக்கெட்டில் அந்தச் சின்ன ஓட்டை எதுக்கு? 'ஈகோ ஃப்ரெண்ட்லி' கவர் உண்மையிலேயே மக்குமா?

பிரவுன் நிறக் காகிதக் கவர். மேலே ஒரு பச்சை இலை. பக்கத்திலேயே 'ஈகோ ஃப்ரெண்ட்லி' என்ற வார்த்தை. சிக்மகளூர், குடகு, அரக்கு என ஊர்ப் பெயரோடு வரும் ஸ்பெஷாலிட்டி காபி பாக்கெட்டுகள் பலவும் இப்போ இப்படித்தான் இருக்கின்றன. பார்த்ததும் 'பேப்பர்தானே, மக்கிடும்' என்று தோன்றும். ஆனால் காலி கவரைக் கிழித்து உள்பக்கம் பார்த்தால் விஷயம் வேறு.

ஸ்பெஷாலிட்டி காபின்னா என்ன?

கொட்டையின் தரத்தையும் சுவையையும் சோதித்து நிபுணர்கள் மதிப்பெண் போடுவார்கள். 100-க்கு 80-ம் அதற்கு மேலும் வாங்கும் காபிக்கே இந்தப் பெயர். அந்த மணமும் சுவையும் வாங்குபவர் வீடு வரை கெடாமல் போய்ச் சேர வேண்டும். அது கவரின் பொறுப்பு.

அந்த ஓட்டை எதுக்கு?

வறுத்த காபிக்கொட்டை பல நாட்களுக்கு கார்பன் டை ஆக்சைடு வாயுவை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். காற்றுப் புகாமல் முழுசா மூடிவிட்டால் பாக்கெட் பலூன் மாதிரி உப்பிவிடும், வெடிக்கவும் செய்யலாம். திறந்து வைத்தால் ஆக்சிஜனும் ஈரமும் புகுந்து மணம் போய்விடும். இதற்காகத்தான் ஒருவழி வால்வு வைக்கிறார்கள். உள்ளே இருக்கும் வாயு அதன் வழியாக வெளியே போகும், வெளிக்காற்று உள்ளே வராது. இந்த வால்வும் பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

கவருக்குள் எத்தனை அடுக்கு?

வழக்கமான காபி கவரில் மூன்று அடுக்குகள் இருக்கும். வெளியே அச்சடிக்கக் காகிதமோ பிளாஸ்டிக்கோ, நடுவில் ஒளியையும் காற்றையும் தடுக்க அலுமினியம், உள்ளே சூடு வைத்து ஒட்ட பாலிஎத்திலீன். மூன்றும் ஒன்றோடு ஒன்று ஒட்டப்பட்டிருப்பதால் பிரிப்பது கஷ்டம். காகித ஆலைக்கும் ஆகாது, பிளாஸ்டிக் மறுசுழற்சிக்கும் ஆகாது. பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். கடைசியில் குப்பைக் கிடங்குக்குப் போகும், அல்லது சிமென்ட் ஆலையில் எரிபொருளாகும்.

பிளாஸ்டிக்கோடு வேறு பொருளும் சேர்ந்த இத்தகைய பல அடுக்கு கவர்களை, மத்திய அரசின் 2022-ம் ஆண்டு விதிமுறை தனிப் பிரிவாகவே வைத்திருக்கிறது. இவற்றைச் சந்தைக்குக் கொண்டுவரும் நிறுவனங்களுக்கே குப்பையைக் கையாளும் பொறுப்பும் உண்டு.

'கம்போஸ்டபிள்' என்று போட்டிருந்தால்?

மக்காச்சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து செய்யும் பிஎல்ஏ என்ற பிளாஸ்டிக் உண்டு. அது மக்கும். ஆனால் கிட்டத்தட்ட 60 டிகிரி செல்சியஸ் வெப்பம் தொடர்ந்து கிடைக்கும் உர ஆலையில்தான் ஒழுங்காக மக்கும். மாடித்தோட்டத் தொட்டியில் புதைத்தால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். இந்தியாவில் இந்த வகைப் பிளாஸ்டிக்கை விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும். வெறும் இலைப்படம் சான்றிதழ் ஆகாது.

விளம்பரத்துக்கும் கடிவாளம் வந்துவிட்டது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில் வெளியிட்ட வழிகாட்டுதல்களின்படி, 'கிரீன்', 'ஈகோ ஃப்ரெண்ட்லி' போன்ற பொத்தாம்பொதுவான வார்த்தைகளை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்த முடியாது.

அப்போ வெறும் பேப்பர் கவரே போதாதா?

இரண்டு மூன்று நாளில் தீர்ந்துவிடும் தூளுக்குப் போதும். தெருமுனைக் கடையில் அப்பப்போ புதுசா அரைத்து வாங்கும் பழக்கத்தில் உள்ள லாபம் இதுதான். ஆனால் கூரியரில் வந்து வாரக்கணக்கில் அலமாரியில் இருக்கப்போகும் காபிக்கு வெறும் காகிதம் தாங்காது. ஒரு கப் காபிக்குப் பின்னால், செடி வளர்வதில் தொடங்கி, சுமார் 130 லிட்டர் தண்ணீர் இருப்பதாகக் கணக்கிடப்பட்டுள்ளது. தூள் வீணாகிக் குப்பைக்குப் போனால் அவ்வளவும் வீண். அதனால் குறைந்த பொருளில் காபியைக் கெடாமல் காப்பதே நல்ல கவர். ஒரே வகைப் பிளாஸ்டிக்கில் செய்த கவர்கள் இதற்கு ஒரு வழி. பிரிக்க வேண்டிய அவசியம் இல்லாததால் மறுசுழற்சிக்கு வாய்ப்பு அதிகம்.

வாங்குபவர்கள் என்ன செய்யலாம்?

* காலி கவரைக் கிழித்துப் பாருங்க. காகிதம் கிழிந்த பிறகும் உள்ளே பளபளப்பான படலம் இருந்தால் அது வெறும் பேப்பர் கவர் இல்லை.

* 'கம்போஸ்டபிள்' என்றால் சான்றிதழ் எண் இருக்கிறதா என்று பாருங்க. உங்கள் ஊரில் அதை எடுத்துக்கொள்ளும் உர ஆலை இருக்கிறதா என்றும் விசாரியுங்க.

* வறுத்த தேதி பார்த்து, இரண்டு மூன்று வாரத்துக்குத் தேவையான அளவு மட்டும் வாங்குங்க.

* பக்கத்தில் காபிக் கடை இருந்தால் வீட்டிலிருந்தே எவர்சில்வர் டப்பா கொண்டுபோங்க. நூறு முறை வாங்கினாலும் அதே டப்பாதான், குப்பையே சேராது.