செல்போனில் திறக்கும் கடை: சட்டம் எங்கே கைகொடுக்கும், எங்கே கைவிரிக்கும்

சேலத்தை அடுத்த இளம்பிள்ளையில் ஒரு மொத்தக் கடைக்காரர் காலையில் வாட்ஸ்அப் குரூப்பில் புடவைப் படங்களைப் போடுகிறார். கடலூரில் ஒரு பெண் அவற்றில் சிலதைத் தேர்ந்தெடுத்து, தன் லாபத்தைக் கூட்டி, ஸ்டேட்டஸில் ஏற்றுகிறார். ‘அக்கா, இந்த மெரூன் இருக்கா?’ என்று கேள்வி வருகிறது. சற்று நேரத்தில் ஜிபேயில் பணம் வருகிறது. மொத்தக் கடையே நேராகக் கூரியர் போட்டுவிடுகிறது. வாடகை இல்லை, அட்வான்ஸ் இல்லை, ஆள் சம்பளம் இல்லை. எத்தனையோ வீடுகளில் பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் இந்த வருமானத்தில்தான் போகிறது.

இப்படித் தொடங்குகிறவர்கள் கடைக்குப் பெயர் வைக்கவும் லோகோ வரையவும் ரிங் லைட் வாங்கவும் நிறைய யோசிக்கிறார்கள். பணம் எந்தக் கணக்கில் வந்து விழப்போகிறது, அது எதற்காக வந்தது என்று காட்ட என்ன காகிதம் கையில் இருக்கும் என்பதை யாரும் யோசிப்பதில்லை. தகராறு வந்தால் போலீஸும் வங்கியும் நுகர்வோர் ஆணையமும் வரித்துறையும் முதலில் கேட்பது அதைத்தான்.

கணக்கு முடங்குவதை முதலில் சொல்ல வேண்டும். தப்பே செய்யாதவரையும் அது பிடித்துக்கொள்கிறது. வேறு மாநிலத்தில் ஒருவர் ஆன்லைன் மோசடியில் பணத்தை இழந்து 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் புகார் செய்கிறார். அந்தப் பணம் எந்தெந்தக் கணக்குகளுக்குத் தாவியது என்று போலீஸ் பின்தொடர்கிறது. அந்தச் சங்கிலியில் எங்கோ இருக்கும் ஒருவர் உங்களிடம் 1,850 ரூபாய்க்குப் புடவை வாங்கியிருந்தால், சங்கிலியின் அடுத்த கண்ணி உங்கள் கணக்கு. வங்கி அதை நிறுத்தி வைக்கிறது. மளிகைக் கடையில் ஸ்கேன் செய்து, பணம் போகாமல் நிற்கும்போதுதான் பலருக்குத் தெரியவே வருகிறது. கணவர் அனுப்பும் பணம், நகைக்கடன் வட்டி, சீட்டுப் பணம் எல்லாம் அந்த ஒரே கணக்கில் என்றால் குடும்பமே ஸ்தம்பித்துவிடும். வியாபாரத்துக்கென்று தனிக் கணக்கு வேண்டும் என்று சொல்வதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

அப்படி முடங்கினால், வங்கிக் கிளைக்குப் போய் நான்கு விவரங்களை எழுத்தில் கேளுங்கள்: எந்த மாநிலம், எந்தக் காவல் நிலையம், புகாரின் பதிவு எண் என்ன, சந்தேகத்துக்குரிய தொகை எவ்வளவு. ‘போலீஸ் கேஸும்மா, எங்களுக்கு ஒண்ணும் தெரியாது’ என்ற வாய்ப்பதிலோடு திரும்பி வந்துவிடாதீர்கள். பிறகு அந்த விசாரணை அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் விரைவு அஞ்சலிலும் விளக்கம் அனுப்புங்கள். ஆர்டர் வந்த சாட், நீங்கள் கொடுத்த பில், கூரியர் ரசீது, பார்சல் போய்ச் சேர்ந்ததற்கான டிராக்கிங் விவரம் ஆகிய நான்கையும் இணைத்து, சர்ச்சைக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்து மற்றதை விடுவிக்கும்படி கேளுங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் ஒரு வழக்கில், தொகை எவ்வளவு என்று குறிப்பிடாமல் முழுக் கணக்கையும் முடக்குவது சரியல்ல என்று சொல்லியிருக்கிறது. கேரள உயர் நீதிமன்றம் 2023லேயே இதே திசையில் உத்தரவிட்டது. கடிதத்துக்குப் பதில் வராவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு போடலாம். பில்லும் கூரியர் ரசீதும் இல்லாதவருக்கு இந்த வழி முழுவதும் கடினமாகிவிடும்.

அடுத்தது, வராத பணத்தை வந்ததாக நம்ப வைக்கும் வித்தை. ‘பே பண்ணிட்டேன் அக்கா, ஸ்கிரீன்ஷாட் அனுப்பியிருக்கேன்’ என்று வரும் படத்தைப் பார்த்துப் பார்சல் போடாதீர்கள். அசல் போலவே ஸ்கிரீன்ஷாட் தயாரிக்கும் போலிச் செயலிகள் இருக்கின்றன. வங்கிச் செயலியைத் திறந்து வரவைப் பார்த்த பிறகே பார்சலில் முகவரி எழுத வேண்டும். வங்கி அனுப்பியது போன்ற குறுஞ்செய்தியைத் தாங்களே அனுப்பிவிட்டு, ‘500க்குப் பதில் 5,000 போட்டுட்டேன், மீதியைத் திருப்பி அனுப்புங்க’ என்று அவசரப்படுத்துவது இன்னொரு வகை. ராணுவத்தில் இருப்பதாகச் சொல்லி மொத்தமாக ஆர்டர் கொடுத்து, பணம் தருவதாக ஒரு கியூஆர் கோடை அனுப்பி ஸ்கேன் செய்யச் சொல்வார்கள். யூபிஐயில் பணம் பெறுவதற்கு ஸ்கேன் செய்யவோ பின் எண்ணைப் போடவோ தேவையே இல்லை. ஏமாந்துவிட்டால் வெட்கப்பட்டு, வீட்டில் யாரிடம் சொல்வது என்று தயங்கி நேரத்தைக் கடத்தாமல் உடனே 1930ஐ அழையுங்கள். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் பிடித்தால்தான் மீட்க வாய்ப்பு அதிகம்.

இனி வாங்குபவரின் பக்கம். இன்ஸ்டாகிராம் கடைகள் பலவற்றில் காணப்படும் வாசகம், ‘நோ ரிட்டர்ன், நோ எக்ஸ்சேஞ்ச்’. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, ஆன்லைனில் வாங்குவதையும் வெளிப்படையாகத் தனக்குள் சேர்த்திருக்கிறது. குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும், பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படிக் காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், பணத்தைத் தர மறுப்பதும் அச்சட்டத்தின்படி முறையற்ற வணிகம். பில் கொடுக்காததும் அப்படித்தான். வாடிக்கையாளர் நம்பித் தந்த முகவரியையும் போன் எண்ணையும் சட்டம் அனுமதிக்காத வகையில் அடுத்தவருக்குக் கொடுப்பதும் அப்படித்தான். நிறம் பிடிக்கவில்லை, மனம் மாறிவிட்டது என்று சொல்பவரிடம் திரும்ப வாங்க முடியாது என்று நிபந்தனை வைக்கலாம். கிழிந்த புடவைக்கு அந்த நிபந்தனை செல்லாது. ‘அன்பாக்சிங் வீடியோ இல்லாவிட்டால் பணம் கிடையாது’ என்று ஒரு விதி சட்டத்தில் இல்லை. அதைவிட, நீங்கள் பேக் செய்யும்போது புடவையை விரித்துக் காட்டி, பார்சலை ஒட்டி, முகவரி தெரியும்படி ஒரு வீடியோ எடுத்து வைப்பது உங்களுக்குத்தான் பெரிய பாதுகாப்பு. காலிப் பெட்டி வந்தது என்று சொல்பவருக்கும் பதில் அதில் இருக்கும்.

வாங்கியவர் தான் குடியிருக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். நாகர்கோவில்காரர் போட்டால் ஈரோட்டுக் கடைக்காரர் அங்கே பதில் சொல்லியாக வேண்டும். பொருளுக்குக் கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய்க்குள் என்றால் வழக்குக்குக் கட்டணமே இல்லை. இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகார் செய்யலாம், பல புகார்கள் அங்கேயே பேசித் தீர்ந்துவிடுகின்றன. அங்கிருந்து அழைப்பு வந்தால் மிரண்டு போனை அணைத்துவிடாதீர்கள். நியாயமான புகார் என்றால் பணத்தைத் திருப்பிக் கொடுத்து முடிப்பதே லாபம். செமி சில்க்கைப் ‘பியூர் காஞ்சிப் பட்டு’ என்று விற்றிருந்தால் எந்த வாதமும் எடுபடாது, எடுபடவும் கூடாது. பெரிய தளங்களில் விற்பவர்கள் தாங்களே வாடிக்கையாளர்போல் ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொள்வதையும் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள் தடுக்கின்றன.

இதே சட்டம் கைவிரிக்கும் இடம் ஒன்று உண்டு. ரீசெல்லர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மறுவிற்பனைக்காகப் பொருள் வாங்குபவர் சட்டத்தின் பார்வையில் நுகர்வோர் அல்ல. தீபாவளிக்கு ஐம்பது புடவைக்கு முன்பணம் வாங்கிக்கொண்டு மொத்த வியாபாரி நம்பரை பிளாக் செய்துவிட்டால், நுகர்வோர் ஆணையத்துக்குப் போக முடியாது. ஏமாற்று வேலை என்றால் 1930, காவல் நிலையம். வெறும் பாக்கித் தகராறு என்றால் சிவில் நீதிமன்றம். ஆனால் அந்தப் புடவை கிடைக்காமல் போன உங்கள் வாடிக்கையாளர் உங்கள்மீது நுகர்வோர் வழக்குப் போடலாம். அவரைப் பொறுத்தவரை விற்றவர் நீங்கள்தான். இந்த இரண்டு பக்க இடியை மனதில் வைத்துத்தான் முன்பணம் வாங்க வேண்டும். புது மொத்தக் கடையில் முதலில் இரண்டு புடவை மட்டும் வாங்கிப் பாருங்கள். முடிந்தால் ஒருமுறை பஸ் ஏறிப் போய்க் கடையையும் அதன் ஜிஎஸ்டி எண்ணையும் பார்த்துவிடுங்கள்.

மறுவிற்பனைக்காக அல்லாமல், சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கிய பொருளுக்கும் சேவைக்கும் நுகர்வோர் ஆணையத்தின் கதவு திறந்தே இருக்கிறது. வெப்சைட் செய்து தருவதாகப் பணம் வாங்கிக்கொண்டு பாதியில் விட்டவர்மீது நீங்கள் நுகர்வோராகவே வழக்குத் தொடரலாம். வெப்சைட் என்றதும் ஒரு எச்சரிக்கை: அதன் முகவரி யார் பெயரில், யார் மின்னஞ்சலில் பதிவாகிறது என்று பாருங்கள். செய்து கொடுப்பவர் தன் பெயரில் பதிந்துகொண்டு, வருடாவருடம் புதுப்பிக்கும்போது கேட்ட காசைக் கறப்பது சாதாரணமாக நடக்கிறது.

வரி விஷயத்தில் பாதி உண்மைதான் பலரிடம் உலவுகிறது. தமிழ்நாட்டுக்குள் மட்டும் பொருள் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய் தாண்டும்வரை பொதுவாக ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. மாநில எல்லையைத் தாண்டினால் இந்த வரம்பு உதவாது. சில கைவினைப் பொருட்களுக்கு விலக்கு உண்டு. மற்றவற்றில் முதல் பார்சலுக்கே பதிவு வேண்டும். கடலூரிலிருந்து பஸ்ஸில் போய் வரும் தூரத்தில் இருக்கிற புதுச்சேரியும் இந்தக் கணக்கில் வெளி மாநிலம்தான். 2025 ஜூலையில் கர்நாடகத்தில் யூபிஐ வரவை வைத்தே சிறு கடைக்காரர்களுக்கு வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. தங்கை திருப்பித் தந்த கைமாற்றும் சீட்டுப் பணமும் வியாபார வரவோடு கலந்து கிடந்தால், எது விற்பனை என்று நிரூபிக்கும் பாடு உங்களுடையது. தனிக் கணக்கின் அவசியம் இங்கேயும் தெரிகிறது.

பொடி, ஊறுகாய், பலகாரம் விற்பவர்களுக்கு உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண் வேண்டும். வீட்டுச் சமையலறை என்பதால் விலக்கு இல்லை. பாக்கெட்டில் எடை, தயாரித்த மாதம், விலை, தொடர்புக்கான முகவரி இருக்க வேண்டும். சொந்தமாகத் தயாரிப்பவர்கள், சிறு தொழில்களுக்கான அரசின் உதயம் தளத்திலும் பதிந்துகொள்ளுங்கள். அந்தப் பதிவு முழுக்க இலவசம். கட்டணம் கேட்டால் அது அரசுத் தளம் அல்ல. தயாரித்த பொருளை வாங்கிய கடை 45 நாளைத் தாண்டியும் பணம் தராவிட்டால் வட்டியோடு கேட்க 2006ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் சட்டம் வழி செய்கிறது. வாங்கி விற்கும் வியாபாரிகளுக்கு அந்தச் சலுகை கிடையாது.

கடையின் முகமாக இருக்கும் பக்கமே ஒரு நாள் பறிபோகலாம். ‘உங்கள் பதிவு காப்புரிமையை மீறுகிறது, 24 மணி நேரத்தில் பக்கம் நீக்கப்படும், மறுக்க இங்கே தொடவும்’ என்று செய்தி வரும். தொட்டுக் கடவுச்சொல்லைப் போட்டால் பக்கம் அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு உங்கள் பெயரிலேயே உங்கள் வாடிக்கையாளரிடம் பணம் வசூலிப்பார்கள். இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் இரண்டடுக்குப் பாதுகாப்பை இன்றே போட்டுக்கொள்ளுங்கள், ஆறு இலக்கக் குறியீட்டை யாருக்கும் சொல்லாதீர்கள். வாடிக்கையாளர் எண்களை ஒரு நோட்டிலாவது எழுதி வையுங்கள், பக்கம் போனாலும் எச்சரிக்க முடியும். இன்ஸ்டாகிராம் போன்ற தளத்தின் குறைதீர் அலுவலர் 24 மணி நேரத்தில் புகாரை ஏற்று 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2021ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதி. முடிவு திருப்தியில்லை என்றால் 30 நாளுக்குள் மத்திய அரசின் குறைதீர் மேல்முறையீட்டுக் குழுவுக்கு ஆன்லைனிலேயே போகலாம். உங்கள் படங்களைத் திருடிப் போலிப் பக்கம் நடத்துபவர்மீதும் இதே வழியில் புகார் செய்யலாம், கூடவே சைபர் போலீஸிலும் கொடுங்கள்.

வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையே என்று இதில் எதையும் விட்டுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, வருமானம் எவ்வளவு என்று பாராமல் எல்லாப் பெண்களுக்கும் இலவச வக்கீல் பெறும் உரிமை உண்டு. ஒவ்வொரு மாவட்ட நீதிமன்ற வளாகத்திலும் அதற்கான அலுவலகம் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது பில்லையும் கூரியர் ரசீதையும் சாட்டின் அச்சுப் பிரதியையும் தேதிவாரியாக அடுக்கி எடுத்துக்கொண்டு போங்கள்.